அட்டவணையிலிருந்து நான் எடுத்த வரி

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து பேசினார்கள். நாங்கள் எழுதி வைத்துவிட்டு வந்த பைல் சிஸ்டம் டிரைவரை இப்போது வேறொரு புதிய மொழியில் திருப்பி எழுதப் போகிறார்களாம். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு உபயோகமாக இருக்கும், உங்கள் அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்றார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். மவுண்ட் ஆப்ஷன் பகுதியைக் கடைசியாக மாற்றி அமைத்தது நான்தான், அதைப் பற்றியே எழுதலாம் என்றார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அந்தச் சமயத்தில் அங்கே வேலையில் இல்லை. இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோட்டுச்சேரிக்குப் பக்கம். வீட்டில் நெல் சாகுபடி. காரைக்காலில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். இரண்டு மூன்று இடங்கள் மாறி, பதிவுப் பெட்டிகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். குளிர்பதனக் கிடங்கு, நீரேற்று நிலையம் போன்ற இடங்களில் கருவிகள் சொல்வதை விடாமல் எழுதிவைக்கும் பெட்டிகள் அவை. உள்ளே ஓடுவது எல்லோரும் பயன்படுத்தும் லினக்ஸ் இயங்குதளத்தின் கரு, கெர்னல்தான். ஆனால் மின்சாரம் பட்டென்று போனாலும் எழுதியது கெடாமல் இருப்பதற்காக, டிஸ்க்கில் எழுதுகிற முறையை நாங்களே செய்திருந்தோம். அதுதான் எங்கள் டிரைவர்.

இதை என் மனைவியும் படிப்பாள் என்பதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். பெட்டியைப் போட்டதும் டிஸ்க் தானாக வேலைக்கு வந்துவிடாது. கெர்னல் அதை எடுத்து இணைக்க வேண்டும். அதைத்தான் மவுண்ட் என்கிறோம். இணைக்கும்போது, எப்படி இணைக்க வேண்டும் என்று சில சொற்களைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் கொடுப்பார்கள். படிக்க மட்டும், எழுதவும் செய், இத்தனை நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்கில் இறக்கு என்பது மாதிரி. அந்த வரியைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லும் எங்கள் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன்படி நடப்பது டிரைவரின் வேலை. கேட்டால் எளிதாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் வசந்தா மேடம். யார் பேட்ச், அதாவது டிரைவரில் ஒரு மாற்றம், எழுதினாலும் அதைக் காகிதத்தில் அச்செடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார். திருத்த மாட்டார், எதுவும் எழுத மாட்டார். சந்தேகம் வந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, காகிதத்தை நம் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். புள்ளி எதற்கு என்று நாமே யோசிக்க வேண்டும். தெரியவில்லை என்று போய் நின்றால் ஒரு கேள்வி கேட்பார். அது பெரும்பாலும் ‘யாரு’ என்றுதான் தொடங்கும். இந்த எரர் வந்தால் யாரு பார்ப்பாங்க? இந்தச் சொல்லை யாரு டைப் பண்ணுவாங்க? அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

நான் சேர்ந்த புதிதில் எழுதிய ரீமவுண்ட் பகுதிக்கு அப்படி ஒரு புள்ளி விழுந்தது. ரீமவுண்ட் என்றால், டிஸ்க் வேலையில் இருக்கும்போதே அதன் ஆப்ஷன்களை மாற்றுவது. நான் எழுதியிருந்தது, வரியில் வருகிற சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து உடனுக்குடன் அமல்படுத்தும். கடைசிச் சொல் தப்பாக இருந்தால், முடியாது என்று திருப்பி அனுப்பிவிடும். அதற்கு முந்தைய சொற்களெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். முடியாது என்று சொன்ன டிஸ்க் பாதி மாறிப்போய் நிற்கும். எனக்கு அது உறைக்கவில்லை. மேடம் என்னை உட்காரவைத்து, ‘முடியாதுன்னு பதில் வந்தா எதுவும் மாறலைன்னுதானே அந்த ஆளு நினைப்பாரு?’ என்று கேட்டார். அதற்குப் பிறகு முறையைக் கற்றுக்கொண்டேன். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடக்கூடாது. ஒரு நகல் எடுத்து, சொற்களை முழுக்க அதில் போட்டு, எல்லாம் சரியா, ஒன்றுக்கொன்று முரண்படுகிறதா என்று பார்த்து, கடைசியில்தான் ஒரே மூச்சில் மாற்ற வேண்டும். அந்த முறையைப் பிறகு வந்தவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் எனக்கு இனிமேல் புள்ளி விழாது என்ற எண்ணமும் வந்துவிட்டது.

ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கும்போது கெர்னலில் மவுண்ட் முறையே மாறியது. முன்பு முழு வரியையும் எங்களிடம் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், நாங்கள்தான் வெட்டிப் பிரித்துக்கொள்வோம். புதிய முறையில் கெர்னலே வெட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கொடுக்கும். எந்தச் சொல், எந்த வகை மதிப்பு என்று முறையான அட்டவணை மட்டும் நாம் கொடுத்தால் போதும். எங்கள் டிரைவரை அதற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது.

பழைய பகுதி பார்க்கவே சகிக்காது. வருடக்கணக்கில் ஆளாளுக்கு ஒட்டுப்போட்டது. அதை உதறிவிட்டுச் சுத்தமாக எழுதினேன். புதிய அட்டவணை ஒரே திரையில் அடங்கியது. அப்படி அடங்க வைப்பதற்காகச் சிலவற்றை எடுத்தேன். அதில் ஒன்று ‘இன்டர்வெல்’ என்ற ஆப்ஷன், எத்தனை நொடிக்கு ஒரு தடவை டிஸ்க்கில் இறக்குவது என்பது. பழைய அட்டவணையில் அது இரண்டு தடவை இருந்தது. ஒன்று சரியான ஆங்கில எழுத்தில். இன்னொன்றில் கடைசி எழுத்துக்கு முன்னால் ‘ஏ’ வர வேண்டிய இடத்தில் ‘ஈ’. சினிமா கொட்டகையில் எழுதிப்போடுவது மாதிரி. எங்கள் முதல் வெளியீட்டின் கையேட்டிலேயே அந்தப் பிழை அச்சாகிவிட்டது. அதைப் பார்த்துப் பெட்டி வைத்தவர்களுக்காக, பிழையான சொல்லையும் ஏற்றுக்கொள்ளும்படி அப்போதே மேடம் அந்த இரண்டாவது வரியைச் சேர்த்திருந்தார்.

இதோடு இன்னொன்றும் செய்தேன். அதுவரை தெரியாத சொல் வந்தால் டிரைவர் ஒரு எச்சரிக்கையை எழுதிவைத்துவிட்டு மேலே போய்விடும். இனிமேல் தெரியாத சொல் வந்தால் மவுண்ட் செய்ய மறுத்துவிடும்படி வைத்தேன். அதுதான் ஒழுங்கான முறை என்று இன்றைக்கும் வாதாட முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் கொடுமை.

மேடத்தின் காகிதம் வந்தது. நான் எடுத்த வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு புள்ளி. இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் புள்ளியா என்று எரிச்சலோடுதான் அவர் அறைக்குப் போனேன்.

‘இந்தப் பழைய பேரை வச்சிருக்கறவங்க இப்ப யாரும் இல்லையா?’ என்று கேட்டார்.

‘இல்லைங்க மேடம். பார்த்துட்டேன்.’

நான் பார்த்தது எங்கள் சோதனைக் கூடத்தில் இருந்த பெட்டிகளை. வெளியில் இருக்கும் பெட்டிகளின் அமைப்பைப் பராமரிப்புப் பிரிவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டொரு நாள் இழுக்கும் என்று கேட்கவில்லை. கேட்காமலே எனக்கு ஒரு பெட்டி ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். முதல் வெளியீட்டுப் பெட்டிகளில் ஒன்று போனது என் ஊர்ப் பக்கத்துக்குத்தான். போகவைத்தவனும் நான்தான்.

கிளிஞ்சல்மேட்டில் மீனவப் பஞ்சாயத்தார் ஒரு வயர்லெஸ் ரூம் வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிற பைபர் போட்டுகளில் ஒரு சின்னக் கருவி இருக்கும். அது போட்டு நிற்கும் இடத்தைக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கரைக்கு அனுப்பும். அதை வாங்கிப் பதிந்து திரையில் காட்டுவது எங்கள் பெட்டி. பதிய டிஸ்க் இல்லையென்றால் திரையும் வராது. அந்தப் பெட்டியை அவர்களுக்குச் சொல்லி வாங்கவைத்தேன். வைத்த அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். நம்ம ஊர்ப் பிள்ளை செய்தது என்று மைக்கில் சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள். கம்பெனி ஆள் கையேட்டைப் பார்த்துப் பார்த்து ஆப்ஷன்களை டைப் செய்துகொண்டிருந்தது என் கண்ணெதிரேதான் நடந்தது.

புதிய டிரைவர் வெளியூர்ப் பெட்டிகளுக்கெல்லாம் இணையம் வழியாகப் போனது. போட்டுகள் காலையிலேயே கடலுக்குப் போயிருக்கும், மத்தியானம் ரூமில் வேலை குறைவு என்று அந்த நேரத்தில்தான் பெட்டி தானே அணைந்து எழுந்துகொள்ளும்படி வைத்திருந்தார்கள். தீபாவளி கழிந்து வாடைக்காலம். நாலைந்து நாள் கொந்தளிப்புக்குப் பிறகு கடல் சற்று அடங்கி, அன்றைக்குத்தான் கிளிஞ்சல்மேட்டிலிருந்து போட்டுகள் போயிருந்தன.

அந்த ரூமைப் பார்த்துக்கொள்வது கவிதா என்ற பெண். ஏதாவது என்றால் கூப்பிடும்மா என்று என் நம்பரை அவளிடம் கொடுத்திருந்தேன். அணைந்த பெட்டி திரும்ப எழாமல் போனதும் அவள் முதலில் எங்கள் உதவி எண்ணுக்குத்தான் பேசியிருக்கிறாள். அணைத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள். பல தடவை அணைத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். பெயரைப் பார்த்துவிட்டு, பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன். கூட்டம் முடிந்து, டீ குடித்துவிட்டு, சாயங்காலம் ஆகும்போதுதான் திருப்பிக் கூப்பிட்டேன்.

‘சார், நாங்க எதையும் தொடலைங்க. கூட்டுனப்பகூட அந்தப் பக்கம் போகலை’ என்றாள் எடுத்த எடுப்பில்.

திரையில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். தெரியாத ஆப்ஷன் என்று இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ‘ஐ, என், டி, ஈ, ஆர், வி, ஈ, எல்.’

இரண்டாவது ‘ஈ’ வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில்கூட நான் தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. ‘அது பழைய செட்டிங்கும்மா, மாத்திடலாம்’ என்றேன். பழைய செட்டிங்கை அவர்கள் மாற்றாமல் விட்டது போல.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கீபோர்டு வாங்கிவந்து அவள் இணைத்தாள். நான் சொல்லச் சொல்ல, கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். அந்த அமைப்புக் கோப்பைத் திறக்கவைப்பதற்கே வெகு நேரம் ஆனது. கடைசியில், ‘ஈயை எடுத்துட்டு ஏ போடணும், அவ்ளோதானா சார்?’ என்று கேட்டாள்.

‘அவ்ளோதாம்மா’ என்றேன்.

பெட்டி எழுந்தது. திரை வந்தது. திரும்பி வந்திருந்த போட்டுகளையெல்லாம் கரையில் காட்டியது. ஒரு போட்டை மட்டும் காட்டவில்லை.

அந்தப் போட்டில் இரண்டு பேர் போயிருந்தார்கள். எஞ்சின் மத்தியானமே நின்றுவிட்டிருக்கிறது. கையால் சுற்றிக் கிளப்பப் பார்த்தபோது கைப்பிடி திருப்பி அடித்து, ஒருவருக்கு வலது கை எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டது. கையில் வைத்திருந்த வயர்லெஸ் தண்ணீரில் நனைந்து கெட்டுவிட்டது. ஆனால் இடத்தைச் சொல்லும் கருவி கெடவில்லை. அது சாயங்காலம்வரை தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கரையில் அதை வாங்கிப் பதியத்தான் ஆள் இல்லை. பெட்டி எழுந்த நேரத்தில் நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய், கருவியின் எல்லையைத் தாண்டிவிட்டது. திரையில் இருந்த கடைசி இடம், பெட்டி அணைவதற்கு முன்னால் அவர்கள் வடகிழக்கே போய்க்கொண்டிருந்தபோது பதிந்தது. தேடப் போனவர்கள் அதை நம்பி வடகிழக்கே போனார்கள்.

மறுநாள் பிற்பகல் வேதாரண்யம் பக்கத்துப் போட்டுக்காரர்கள் இருவரையும் கண்டு கரை சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. நசுங்கிய கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வந்திருந்தால் ஒன்றிரண்டையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கவிதா போனில் சொன்னாள். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், அதனால் சொன்னாள்.

அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம் நடந்தது. நான் நான்கைந்து பக்கத்துக்கு ஒரு அறிக்கை தயாரித்துப் போயிருந்தேன். அதில் கெர்னலின் புதிய முறை, கண்டிப்பாகச் சோதிப்பதன் நன்மைகள், பராமரிப்புப் பிரிவு பழைய அமைப்புகளைப் புதுப்பிக்காதது எல்லாம் இருந்தன. எதுவும் பொய்யில்லை. படித்து முடித்ததும் முதலாளி மேடத்தைப் பார்த்தார்.

மேடம் நிதானமாகச் சொன்னார். ‘அந்த வரியை வச்சிருக்கறவங்க யாரும் இல்லையான்னு நான் கேட்டேன். பார்த்துட்டேன்னு நடராஜன் சொன்னாரு. எங்கே பார்த்தீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கலை.’

அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றவும் இல்லை, கூடுதலாக ஒரு சொல் சேர்க்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். என் கையில் இருந்த அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை போகுமோ என்று பயந்தேன். போகவில்லை. அதுவும் ஒரு கஷ்டமாகத்தான் இருந்தது.

எடுத்த வரியை அட்டவணையில் திரும்பச் சேர்த்தேன். தெரியாத சொல் வந்தால் மறுக்காமல் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும் பழைய வழக்கத்தையும் திருப்பிக் கொண்டுவந்தேன். வரிக்கு மேலே, பழைய வெளியீடுகளுடன் ஒத்துப்போவதற்காக என்று ஒரு குறிப்பு எழுதினேன். காகிதம் வந்தது. குறிப்புக்குப் பக்கத்தில் புள்ளி.

‘இது யாருக்காகன்னு இதுல இல்லையே’ என்றார் மேடம்.

கிளிஞ்சல்மேடு என்று ஊர்ப் பெயரைப் போடுகிறேன் என்றேன்.

‘போடுங்க. அவரு பேரு என்ன?’

எனக்குத் தெரியவில்லை. விரலை எடுத்தது தெரியும், எந்தக் கை என்று தெரியும். பெயரைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் சைக்கிளில் போகிற தூரம்தான்.

‘பேரைக் கோடிங்ல போட வேண்டாம்’ என்றார் மேடம். ‘ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.’

அந்த வார இறுதியிலேயே ஊருக்கு வந்தேன். இப்போது அந்த வரிக்கு மேலே இருக்கும் குறிப்பு, போய்விட்டு வந்து எழுதியது. புதிய மொழியில் எழுதுகிறவர்கள் அதைப் படித்துக்கொள்ளலாம். போய்வந்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

அவர் பெயர் செல்வமணி. சுனாமி குடியிருப்பில் வீடு. கவிதா கொண்டுபோய் விட்டுவிட்டு ரூமுக்குத் திரும்பிவிட்டாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன். அவர் மனைவி பூங்கொடி, ‘வாங்க, உக்காருங்க’ என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, காபி கொண்டுவந்து என் முன்னால் ஸ்டூலில் வைத்தார். பெட்டி வைத்தபோது சால்வை போட்டார்களே, அந்த சார்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவு தூரம் வந்து பார்க்கிறீர்களே என்றார்.

செல்வமணி நடந்ததையெல்லாம் சொன்னார். வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. கூட வந்த மச்சான் சின்னப் பையன், அவன் பயந்துபோய்விட்டான், அவனுக்குத் தைரியம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது என்றார். கருவியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால், கரையில் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வந்துவிடுவார்கள் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

‘அப்புறம்தான் சொன்னாங்க, அன்னைக்குன்னு பார்த்து மெஷின் கெட்டுப்போச்சுன்னு’ என்றார்.

‘மெஷின் கெடலைங்க’ என்றேன். ‘நான்தான் அதுலேருந்து ஒரு வார்த்தையை எடுத்துட்டேன். அது இல்லாததால உங்க ஊரு பெட்டி நின்னுபோச்சு.’

அவருக்குப் புரிய நேரம் ஆனது. பூங்கொடி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

‘எதுக்கு எடுத்தீங்க?’ என்று கேட்டார் செல்வமணி. கோபமாகக் கேட்கவில்லை. காரணம் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.

அலுவலகத்தில் சொன்ன காரணங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. ‘எழுத்துப் பிழையோட இருந்துச்சுங்க’ என்றேன். ‘பார்க்க அசிங்கமா இருந்துச்சு.’

அவர் கட்டுப் போட்ட கையைத் தலையணையில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பூங்கொடி உள்ளே வந்தார். என் முன்னால் இருந்த காபி டம்ளரை எடுத்தார். நான் அதை ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. என்னைப் பார்க்காமல், தளும்பாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

செல்வமணி தரையைப் பார்த்தபடி, ‘ஆறிப்போயிருக்கும் சார். வேற கொண்டாருவா’ என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வேறு காபி வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. அந்தக் காபி வந்துவிடாதா என்று வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.